கண்ணீர்ச் சுழிக்காரியின் குட்டி

சத்யநாராயணன் சாருக்குக் குதிரை கிடையாது. குதிரைமேல் ஏறியதும் கிடையாது. அவருடைய பேத்தி ஹர்ஷா நாலு ஞாயிற்றுக்கிழமை குதிரையேற்ற வகுப்புக்குப் போய், ஐந்தாவது ஞாயிறு தும்மல் வந்து நின்றுவிட்டாள். அவருக்கும் குதிரைக்கும் உள்ள மொத்தச் சம்பந்தம் அவ்வளவுதான். ஆனாலும் எங்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு தணிக்கை செய்ய ஆள் கிடைக்காமல் முதலில் தன் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பிடித்துக்கொண்டார். அங்கே மூன்றே வருடத்தில் எல்லோரும் சேர்ந்து ஓட்டுப் போட்டு இறக்கிவிட்டதும் குதிரைகளைப் பிடித்துக்கொண்டார். குதிரைகளுக்கு ஓட்டு இல்லை.

சங்கத்தின் பெயர் தென்புறநகர் நாட்டுக் குதிரை ஆர்வலர் சங்கம். தாம்பரத்தைச் சுற்றி இந்தப் பக்கம் நாற்பது குதிரை இருந்தால் அதிகம். பாதி, கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமக்கிறவை. மீதிப் பாதி, வயலை மனை போட்டு விற்றவர்கள் வீட்டு வாசலில் கட்டிவைத்திருப்பவை. பெரிய கார் இப்போது தெருவில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள், அப்புறம் அவர்களும் எதைக் கட்டிவைத்துத்தான் பெருமைப்படுவார்கள்?

என் பெயர் ரோஹிணி. மேற்குத் தாம்பரத்தில் கால்நடை கிளினிக் வைத்திருக்கிறேன். பிஸ்கட் தின்று கொழுத்த லாப்ரடார்களும், அவற்றைக் 'கொழந்தை' என்று சொல்லும் அம்மாக்களும்தான் என் பிழைப்பு. சுற்றுவட்டாரத்தில் குதிரைக்கும் வைத்தியம் பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் சங்கத்துக்குப் பதிவு அலுவலராக என்னைப் போட்டார்கள். சம்பளம் கிடையாது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர்களுக்குக் கொடுக்கும் பதவி அது.

பிறக்கிற ஒவ்வொரு குட்டிக்கும் நான் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நிறம், நெற்றி வெள்ளை, சுழிகள், தாய், தகப்பன். அதற்கடுத்த கட்டம், ப்ரீடர். அதாவது அந்தக் குட்டி பிறக்கக் காரணமாக இருந்த மனிதர். குட்டி பிற்பாடு பத்துக் கை மாறலாம். ப்ரீடர் பெயர் மட்டும் அதன் ஆயுசுக்கும் மாறாது. எங்கள் சங்கத்தில் இன்னும் ஒரு படி மேலே, குட்டியின் முதல் உரிமைப் பத்திரமே ப்ரீடர் பெயரில்தான் போடுவோம். அந்தக் கட்டத்தில் யார் பெயரோ, குட்டி அவருடையது. மற்றபடி எங்கள் படிவத்தால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதால் இந்த ஒரு கட்டத்துக்குத்தான் அடிதடி.

முடிச்சூர் துரைராஜ் சங்கத்தின் புரவலர். புரவலர் என்றால் கூட்டத்துக்கு ஒரு ஸ்டாண்டு ஃபேனும் இருபது பிளாஸ்டிக் நாற்காலியும் வாங்கித் தந்தவர் என்று அர்த்தம். ஃபேனின் வலைமேலேயே அவர் பெயர் இருக்கிறது, சுற்றும்போதும் படிக்கலாம். அப்பா காலத்தில் நெல் போட்ட நிலத்தை அவர் மனை போட்டு விற்று, மெயின் ரோட்டில் மூன்று காம்ப்ளெக்ஸ் கட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ராஜஸ்தானிலிருந்து ஒரு மார்வாரிப் பெண்குதிரையை லாரியில் இறக்கினார். நல்ல கருப்பு, காது நுனிகள் இரண்டும் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடும். மஹாராணி என்று பெயர் வைத்தார். அதோடு படம் எடுத்து அவர் பிறந்தநாளுக்கு முடிச்சூர் ரோடு முழுக்க பேனர் கட்டினார்கள். படத்தில் குதிரை ஒன்றுதான் பார்க்கிற மாதிரி இருந்தது.

மஹாராணியைப் பார்த்துக்கொண்டவன் குப்பன். கல்யாண ஊர்வலத்துக்கு இரண்டு கிழட்டு வெள்ளைக் குதிரைகள் வைத்துப் பிழைத்தவன். அவனும் அவன் மனைவி எல்லம்மாவும், வேலைக்குப் போகிற ஒரே மகளோடு, துரைராஜின் நிலத்தில் மிஞ்சிய ஒரு கடைசித் துண்டில் கொட்டகை போட்டுக் குடியிருந்தார்கள். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற இடம். அதை எவனும் மனையாக வாங்க மாட்டான் என்பதால் குப்பனுக்கு விட்டுவைத்திருந்தார். வாடகைக்குப் பதில் மஹாராணிக்குத் தேய்ப்பது, தீனி வைப்பது, லத்தி அள்ளுவது.

போன வருடம் ஆகஸ்டில் படப்பையில் ஆபேல் என்பவரின் ஆண்குதிரையிடம் மஹாராணியைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். அக்டோபரில் நான் ஸ்கேன் எடுத்துச் சினை என்று சொன்னேன். துரைராஜ் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். லட்டு தீர்வதற்குள் ஆந்திராவிலிருந்து ஒரு குதிரைத் தரகர் அவர் வீட்டு விசேஷத்துக்கு வந்தார். மஹாராணியின் முகத்தைத் தடவியவர் இடது கண்ணுக்குக் கீழே விரலை வைத்து நின்றுவிட்டார். அங்கே மயிர் சின்னதாகச் சுழித்திருந்தது. கண்ணீர்ச் சுழி என்றார் அவர். கண்ணீர் வழிகிற இடத்தில் சுழி இருந்தால் வைத்திருக்கிற வீட்டில் அழுகை விழும் என்பது குதிரைக்காரர்கள் நம்பிக்கை.

மயிர் எந்தத் திசையில் முளைக்கிறது என்பதற்கும் மனிதன் தலையெழுத்துக்கும் சம்பந்தமில்லை என்பதைச் சொல்ல ஐந்து வருடப் படிப்பு தேவையில்லை. ஆனால் துரைராஜ் அன்று ராத்திரியே கணக்குப் போட்டுவிட்டார். மகன் ஹரிபிரசாத்துக்கு விசா கிடைக்காதது, மழையில் காம்பவுண்டுச் சுவர் விழுந்தது, மாடியில் இருந்த பேங்க் காலி செய்துகொண்டு போனது, எல்லாம் அந்தச் சுழி. ஹரிபிரசாத் மூன்று தடவை பரீட்சையில் கோட்டை விட்டதும், சுவருக்கு அஸ்திவாரமே போடாததும் அவர் கணக்கில் வரவில்லை.

விற்றால் தோஷம் காசோடு ஒட்டிக்கொண்டு வீட்டிலேயே தங்கிவிடுமாம். தண்ணீர் ஊற்றித் தாரை வார்த்துத்தான் கொடுக்க வேண்டுமாம், அதுவும் வயிற்றில் இருப்பதோடு சேர்த்து. குட்டியின் மேல் ஒரு துளி ஆசை வைத்தாலும் அதைப் பிடித்துக்கொண்டே தோஷம் திரும்பி வந்துவிடும் என்று தரகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் துரைராஜ் வீட்டுக் கொல்லையில் அந்தக் கூத்து நடந்தது. தடுப்பூசிப் புத்தகத்தில் பெயர் மாற்ற வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு துரைராஜ் நின்றார். குப்பன் இரண்டு கையையும் ஏந்தினான். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. இலவசமாக ஒரு மார்வாரிக் குதிரை, அதுவும் சினையோடு. துரைராஜ் செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"இந்தக் குதிர, இத்தோட வயித்துல கீறது, எதுக்கும் எனக்கும் இனிமே சம்பந்தம் இல்ல. நல்லது கெட்டது எல்லாம் உன்து."

ஹரிபிரசாத் அதை ஃபோனில் வீடியோ எடுத்தான். பின்னால் நின்ற எல்லம்மா மட்டும் கேட்டாள். "சுழி கெட்டதுன்னுதானே குடுக்கறீங்க. எங்களுக்கு இன்னாத்துக்கு சார் இது?"

துரைராஜ் சிரித்தார். "உங்ககிட்ட இன்னா கீது, போறதுக்கு?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஒரு புத்தகத்தில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதினேன், அவர் வீட்டுக் காபியைக் குடித்தேன், வந்துவிட்டேன். சுழியெல்லாம் பொய் என்று அந்தக் கொல்லையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, குப்பனுக்கு ஒரு நல்ல குதிரை கிடைக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஜனவரியில் குப்பன் செத்துப்போனான். பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் முடித்து, வெள்ளைக் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டும்போது ஒரு வேன் அடித்துவிட்டது. குதிரைக்குக் கீறல்கூட இல்லை. வேன்காரன் தூங்கிவிட்டான், அவ்வளவுதான். துரைராஜ் ஆள் உயர மாலையோடு சாவுக்கு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "பாத்தீங்களா டாக்டர். நல்லவேள, நான் தப்பிச்சேன்." பிணத்துக்கு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு அதைச் சொன்னார். அவர் முகத்தில் உண்மையான நிம்மதி இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் எல்லம்மாதான் குதிரைகளைப் பார்த்துக்கொண்டாள். மஹாராணியை அவள் கருப்பி என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணங்களுக்கு வெள்ளைக் குதிரையை அவளே பிடித்துக்கொண்டு போனாள். ஜூலையில் ஒரு மத்தியானம் ஃபோன் பண்ணினாள். நான் போய்ச் சேர்வதற்குள் குட்டியின் முன்கால்களில் ஒன்று மடங்கி மாட்டியிருந்ததை அவளே கையை விட்டு நிமிர்த்தியிருந்தாள். அவள் கை தோள்வரைக்கும் நனைந்திருந்தது. பெண்குட்டி. தாயைப் போலவே கருப்பு, நெற்றியில் ஒரு நீள வெள்ளை. தொண்டைக்கு நேராக முன்கழுத்தில் அழகாக ஒரு சுழி. தேவமணி என்பார்கள். அது இருக்கிற குதிரையின் உடம்பில் கண்ணீர்ச் சுழியே இருந்தாலும் தோஷம் இல்லையாம். நம்புகிறவர்களுக்கு அந்த ஒரு சுழிக்காகவே குட்டி தங்கம்.

ஹரிபிரசாத் எதற்கோ கொட்டகைப் பக்கம் வந்தவன் குட்டியை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டான். மராட்டியத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் ஆட்கள் விசாரித்தார்கள், இந்தத் தேவமணிக் குட்டியின் ப்ரீடர் யார் என்று. ஒரு வாரத்தில் துரைராஜின் வாசலில் 'துரைராஜ் ஸ்டட் ஃபார்ம்' என்று ஒரு போர்டு ஏறியது. அதற்கடுத்த வாரம் சங்கத்துக்கு ஒரு மனு வந்தது. குட்டியின் ப்ரீடராகத் தன் பெயரை எழுத வேண்டும் என்று. தரகர் சொன்ன எச்சரிக்கை அந்தத் தேவமணியில் மறந்துபோயிருந்தது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். எங்கள் கூட்டங்கள் சத்யநாராயணன் சாரின் குடியிருப்பில், தரைத்தளக் கார் பார்க்கிங்கில் நடக்கும். துரைராஜ் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்தார், பக்கத்தில் ஹரிபிரசாத். இன்னும் ஏழெட்டு உறுப்பினர்கள், டிபனுக்கு வந்தவர்கள். நாற்காலி இருபதும் இருந்தும் எல்லம்மாவை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நான் ஒன்றை இழுத்துப் போட்டேன். அவள் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சத்யநாராயணன் சார் விதிப் புத்தகத்தைத் திறந்தார். அவரே தயாரித்தது. இன்டர்நெட்டில் இருந்து ஒரு நாட்டுப் பந்தயக் குதிரைச் சட்டத்தையும் வேறொரு நாட்டு வேறொரு ஜாதிக் குதிரைச் சட்டத்தையும் எடுத்து ஒட்டி, மேலே சங்கத்தின் முத்திரையைப் போட்டுவிட்டார். இரண்டையும் படித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான்காம் விதி, குட்டி பிறக்கும்போது தாய்க்குதிரை யாருடையதோ அவரே ப்ரீடர் என்கிறது. பதினேழாம் விதி, இணை சேர்க்கும்போது தாய்க்குதிரை யாருடையதோ அவரே ப்ரீடர் என்கிறது. உலகத்துக் காகிதத்தில் எல்லாம் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய மனுஷன்.

"ரூல் செவன்டீன் ரொம்ப க்ளியரா இருக்கு," என்று ஆரம்பித்தார் அவர். "சேர்க்கும்போது ஓனர் துரைராஜ் சார். ஆபேல் குடுத்த சர்டிஃபிகேட் இருக்கு. எந்த ஆண்குதிரைகிட்ட கொண்டுபோகணும்னு முடிவு பண்ணினது அவர். அந்த விஷன் அவரோடது."

"நாலாம் விதியையும் படிங்க சார்," என்றேன்.

படித்தார். முகம் மாறவில்லை. முப்பத்தைந்து வருட அனுபவம் சும்மா இல்லை. "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு துணை விதிகள் மேடம். ரெண்டையும் சேர்த்துத்தான் வாசிக்கணும்."

"சேர்த்து வாசிச்சா ரெண்டு பேர் வருது. ஒண்ணு சேர்க்கும்போது இருந்தவர், இன்னொண்ணு பிறக்கும்போது இருந்தவங்க. கட்டம் ஒண்ணுதான் இருக்கு."

துரைராஜ் குறுக்கே வந்தார். "இன்னா மேடம் பேஜார் பண்றீங்க. நான் எங்க குடுத்தேன்? பாத்துக்கடான்னு குப்பன்கிட்ட வுட்டு வெச்சேன். குதிர என்துதான். அப்போ எந்த ரூல்ல பாத்தாலும் நான்தான்."

அவர் அதைச் சொன்னபோது கண்கூட இமைக்கவில்லை. நான் விடவில்லை. "தண்ணி ஊத்திக் குடுத்தீங்க சார். நான் அங்கதான் இருந்தேன். உங்க பையன் வீடியோ எடுத்தார்."

ஹரிபிரசாத் ஃபோனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தான். "அது டெலிட் ஆயிடுச்சு மேடம். ஃபோன் மாத்திட்டேன்."

"தடுப்பூசிப் புத்தகத்துல பேர் மாத்தினது நான்."

"ஊசி யார் போட்டாங்கறதுக்கு அது ஆதாரம். ஓனர்ஷிப்புக்கு ஆகாது," என்றார் சத்யநாராயணன். சொல்லிவிட்டு டிபன் வந்துவிட்டதா என்று கேட் பக்கம் பார்த்தார். "மேடம், நீங்க இதுல எமோஷனலா இன்வால்வ் ஆகறீங்க. அந்தம்மாவுக்கும் ஏதாவது செய்யலாம். பராமரிப்பாளர்னு கீழே ஒரு வரி சேர்த்துடலாம்."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். ஃபேன் காற்று வந்துகொண்டிருந்தது, அதில் பெயர் இருந்தது, தலையாட்டாமல் என்ன செய்வார்கள்.

துரைராஜ் எல்லம்மாவின் பக்கம் திரும்பினார். குரலில் திடீரென்று பாசம். "எல்லம்மா, நீயே சொல்லு. குப்பன் போனப்பால நான் இடத்த காலி பண்ணச் சொன்னேனா? உன்கிட்ட ஒண்ணு கேட்டேனா? வாடகைன்னு ஏதாவது? கொட்டா இன்னிக்கும் என் இடத்துலதானே கீது. நீ ஒரு வார்த்த சொல்டு, பாத்துக்கத்தான் குட்த்தாருன்னு. முடிஞ்சிச்சு."

சொல்லாவிட்டால் கொட்டகை இல்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்தது. மூன்று பெரிய குதிரைகள், ஒரு மாதக் குட்டி ஒன்று. தாம்பரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நிறுத்தவே இடம் கிடைப்பதில்லை. வெள்ளைக் குதிரைகள் இரண்டும் அடுத்த முகூர்த்தத்தைத் தாண்டுமா என்பதே சந்தேகம். அந்தக் குட்டிதான் அவளுக்கு இனிமேல் எல்லாம். நான் எழுந்து எதையாவது கத்தலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவள் பேசினாள்.

"செரி சார். எழுதிக்கங்க."

துரைராஜ் நாற்காலியில் சாய்ந்தார். சத்யநாராயணன் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"நீங்க குடுக்கலன்னு சொல்றீங்க இல்ல," என்றாள் எல்லம்மா. "அப்போ கருப்பி உங்க குதிர. என் வூட்டுக்காரு கையில தண்ணி ஊத்தினது சும்மா வெளாட்டு. அப்டித்தானே?"

"ஆமா. அதான் சொல்றேன்."

மேஜையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. அவள் அதை எடுத்து மூடியைத் திருகினாள். "அப்போ கைய நீட்டுங்க சார்."

"இன்னாத்துக்கு?"

"வெளாட்டா குட்த்தத வெனையா திருப்பிக் குடுக்கணும்ல. அன்னிக்கு நீங்க சொன்னத அப்டியே நான் சொல்லிட்றேன். இந்தக் குதிர, இது போட்ட குட்டி, நல்லது கெட்டது எல்லாம் உங்களுது. எங்க வூட்ல எட்த்துகினது எட்த்துகினுச்சு. இனிமே உங்க வூட்ல இருந்துகினு போவட்டும். கைய நீட்டுங்க."

அவள் சத்தம் போடவில்லை. ஒரு பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற மாதிரிப் பொறுமையாகப் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். துரைராஜ் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நாற்காலியின் கைப்பிடிமேல் இருந்த அவருடைய கைகள் மெதுவாக மடிக்கு வந்தன, மடியிலிருந்து இடுப்புக்குப் பின்னால் போயின. ஆறு விரலில் கல் மோதிரம் போட்ட கைகள்.

"எல்லம்மா, இதெல்லாம் இன்னாத்துக்கு? குட்டி மட்டும்தானே கேக்கறேன். குதிரய நீயே வெச்சுக்க."

"அது எப்டி சார்? தாயி என்து, குட்டி மட்டும் உங்களுதா? குட்டி உங்களுதுன்னா அத்த சொமந்தது உங்க குதிரதான். அப்போ அந்தச் சுழியும் உங்க வூட்டுக்குத்தான் வரணும்."

"அப்பா, வேணாம்ப்பா," என்றான் ஹரிபிரசாத். அவன் முகம் வெளுத்திருந்தது. அவன் மனைவி வினிதாவுக்கு அப்போது ஏழாம் மாதம். "எழுந்திருங்கப்பா. போலாம்."

ஒரு மனிதன் இருபது நாளாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததை இருபது நொடியில் விழுங்குவதைப் பார்த்தேன். "எழுதிக்கங்க," என்றார் துரைராஜ், என்னைப் பார்க்காமல். "அவ பேரே எழுதிக்கங்க. தானம் குட்த்தது குட்த்ததுதான். நான் வாக்கு மாறுறவன் இல்ல." எழுந்தவர், கேட் வரைக்கும் போய்த் திரும்பி, "மாசக் கடைசியில கொட்டா காலியா இருக்கணும்," என்றார். அதைச் சொல்லும்போதும் கைகள் பின்னால்தான் இருந்தன.

வண்டி கிளம்பிய சத்தம் அடங்குவதற்குள் சத்யநாராயணன் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆக்சுவலா ரூல் ஃபோர்தான் மூல விதி. செவன்டீன் விளக்கம் மட்டும்தான். நான் முதல்லயே அதைத்தான் சொல்ல வந்தேன்." உறுப்பினர்கள் அதற்கும் தலையாட்டினார்கள். இட்லி வந்திருந்தது.

படிவத்தை என் பக்கம் இழுத்து, ப்ரீடர் கட்டத்தில் கு. எல்லம்மா என்று எழுதினேன். அவள் பக்கத்தில் வந்து குனிந்து, எழுதி முடிக்கிற வரைக்கும் பார்த்தாள். என் கையெழுத்தையும் போட்டு, முத்திரை குத்தி, அவளுடைய பிரதியைக் கிழித்துக் கொடுத்தேன். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இரண்டு பேரும் மெயின் ரோட்டுக்கு நடந்தோம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இந்தச் சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒருவன் வாயடைத்துப் போய் நான் பார்த்ததில்லை. கொட்டகைக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் அவள் தம்பி தசரதனுக்கு ஒரு கொல்லை இருக்கிறதாம், நெருக்கிக் கட்டிக்கொள்ளலாமாம். அதையெல்லாம் அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள்.

"பிரமாதமா பயமுறுத்தின," என்றேன். "அந்த ஆள் உண்மையிலேயே நடுங்கிட்டாரு. சுழியாவது மண்ணாவது. ஒரு பாட்டில் தண்ணிக்கு அந்தப் பயம்."

அவள் நின்று என்னைப் பார்த்தாள். நான் ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்டதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"நான் பயமுறுத்தல டாக்டரம்மா. அவரு கைய நீட்டியிருந்தா நெஜமாவே ஊத்தியிருப்பேன். குட்டியும் போவட்டும்னுதான் பாட்டில எட்த்தேன். எனக்கு இருக்கறது ஒரு பொண்ணு. அவ வேலைக்குப் போய்ட்டு வூடு வந்து சேர்ற வரைக்கும் தெனம் வாசல்ல நிக்கறேன். அந்தச் சுழி என் வூட்டுக்காரர எட்த்துகினு போனது எனக்குத் தெரியாதா?"

அது வேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வேன்காரன் தூங்கியதைப் பற்றி, மயிர்க்கால்களைப் பற்றி, எல்லாம் எனக்குச் சொல்லத் தெரியும். அதையெல்லாம் சொல்ல வேண்டிய செவ்வாய்க்கிழமை எப்போதோ போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கேட்டேன், "அவ்ளோ நம்பறவ, இத்தனை மாசமா கருப்பியை ஏன் கூட வெச்சிருக்க? கேட்டா யாராவது ஓட்டிட்டுப் போயிருப்பாங்களே. மார்வாரிக் குதிரை, இலவசமா."

"கேட்டாங்களே. நாலு பேர் கேட்டாங்க. படப்பை ஆபேல் சாரே ஆளனுப்பினாரு."

"அப்புறம்?"

"அவங்க வூட்ல ஒருத்தர் போவாங்க இல்ல," என்றாள் எல்லம்மா. "தெரிஞ்சே எப்டி குடுக்கறது?"